வாசகர் கேள்வி – பதில்: பந்தியில் முதுகுக்குப் பின்னால் நிற்பவர்களும் பிற தொல்லைகளும்

பிறருடைய நடத்தையில் உங்களை எரிச்சலூட்டுவது எது என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களே மிகுதி. ‘பெயரைப் போட்டுவிடாதீர்கள், பக்கத்து வீட்டிலும் இதே பத்திரிகைதான் வாங்குகிறார்கள்’ என்ற வேண்டுகோள் பெரும்பாலான கடிதங்களின் அடியில் இருந்ததால், ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, கேள்விகளைச் சுருக்கி வெளியிட்டிருக்கிறேன்.

கேள்வி: கல்யாண வீட்டுப் பந்தியில் நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றுவிடுகிறார். அண்மையில் ஒருவர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி என் இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த வழக்கத்துக்கு முடிவே இல்லையா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: நம் மாவட்டத்துக் கல்யாணச் சாப்பாடு அவசரத்துக்கு ஏற்றதன்று. பருப்பும் நெய்யும், சாம்பார், புளிசேரி, ரசம் என்று சோற்றை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பிசைந்து முடித்த பிறகு, பாயசத்தை இலையிலேயே ஊற்றுவார்கள்; அதில் பப்படத்தை நொறுக்கி, மட்டிப் பழத்தையும் பிசைந்து, அது ஓடி இலையை விட்டு இறங்குவதற்குள் கையால் வழித்து உண்ண வேண்டும். அதன் பின் இன்னொரு பாயசம், போளி, கடைசியாக மோர். இத்தனையையும் பின்கழுத்தில் இன்னொருவருடைய மூச்சுக்காற்று படும்படி அமர்ந்து செய்வது துன்பமே. ஆனால் நிற்பவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நல்ல முகூர்த்த நாளில் அவருடைய சட்டைப்பையில் மூன்று நான்கு அழைப்பிதழ்கள் இருக்கும். தாலிகட்டைப் பார்க்க ஆயிரம் பேர் அமரக்கூடிய மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடம் முந்நூறு பேருக்குத்தான் இருக்கும். தாலி கட்டி முடிந்த கையோடு எல்லாரும் ஒரே படிக்கட்டில் இறங்கினால், மீதிப்பேர் எங்கே போய் நிற்பார்கள்?

ஆகவே இதில் முதல் பொறுப்பு வீட்டுக்காரருடையது. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில், குரலும் தோரணையும் உள்ள இரண்டு மாமாக்களை நிறுத்தி, ஒரு பந்தி முழுவதும் எழுந்து, மேசையில் புதிய தாள் விரித்த பிறகே அடுத்த பந்தியை உள்ளே விடும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் யாருடைய முதுகுக்குப் பின்னாலும் நின்றதில்லை. வீடியோக்காரருக்குச் செலவிடும் கவனத்தில் சிறிதளவை வாசலுக்குச் செலவிட்டாலே போதும். இன்னொரு வகையினரையும் சொல்லியாக வேண்டும்: தாம் அமர்ந்ததும், இன்னும் காரிலிருந்தே இறங்காத ஐந்து உறவினர்களுக்காகக் கைப்பை, குழந்தையின் செருப்பு, தாம்பூலப் பை என்று வரிசையாக நாற்காலிகளில் வைத்து இடம் பிடிப்பவர்கள். பின்னால் நிற்கும் கூட்டத்தில் பாதி இவர்களால் உண்டாவது.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது, திரும்பி முறைப்பதை விட்டுவிட்டு, அவருக்குப் பயன்படும் ஒரு தகவலைச் சொல்வது. “அண்ணாச்சி, இங்க இன்னும் ரெண்டாவது பாயசமே வரல்ல. அந்தக் கடைசி வரிசைல மோரு வந்தாச்சு, அங்க போய் நின்னியள்னா சீக்கிரம் எடம் கெடைக்கும்” என்று சொல்லிப் பாருங்கள். மனிதர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். கடைசி வரிசைக்காரருக்கு நீங்கள் செய்தது சரியா என்று கேட்காதீர்கள். அவர் அநேகமாக எழுந்திருக்கப் போகிறவர்.

கேள்வி: எங்கள் ஊரில் திருவிழா என்றால் கொடியேற்று முதல் கடைசி நாள் வரை விடியற்காலை 5 மணிக்கே ஒலிபெருக்கி தொடங்கிவிடுகிறது. இரவு எத்தனை மணிக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது. வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதும் மகளும் படுக்கையில் இருக்கும் மாமியாரும் இருக்கிறார்கள். புகார் கொடுத்தால் ‘சாமி காரியத்துக்கு எதிரி’ என்ற பெயர் வரும். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, கல்குளம் வட்டம்

பதில்: எந்த வழிபாட்டிடம் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதாதது நல்லது. கோயில் கொடை, தேவாலயத் திருவிழா, பள்ளிவாசல் நிகழ்ச்சி என்று எல்லாத் தரப்பைப் பற்றியும் இதே கடிதம் எனக்கு வந்திருக்கிறது. மூன்றுக்கும் பதிலும் ஒன்றுதான்.

முதலில் விதி. மத்திய அரசு 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த ஒலி மாசு விதிகளின்படி, பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலமான அனுமதி தேவை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் அதைப் பயன்படுத்தக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 மணி வரை நீட்டித்துக் கொடுக்கலாம் என்றாலும், அத்தகைய நாள்கள் ஓர் ஆண்டில் மொத்தம் 15க்கு மேல் போகக் கூடாது. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் இந்த இரவு நேரத் தடையை உறுதியாகச் சொன்னது. குடியிருப்புப் பகுதிக்கு வகுக்கப்பட்ட அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படலாம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று, சட்டத்தின் கணக்கில் இரவு என்பது காலை 6 மணி வரை நீள்கிறது என்பது. இரவு 10 மணியைப் பற்றி ஓரளவு அச்சம் உண்டாகிவிட்டது. விழாக் கமிட்டிகளே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டன. ஆனால் விடியற்காலை 5 மணிப் பாட்டை மீறல் என்று பாடுகிறவரும் நினைப்பதில்லை, கேட்கிறவரும் நினைப்பதில்லை. நள்ளிரவு வரை நீட்டிக்கும் சலுகைகூட விடியற்காலைக்குக் கிடையாது. உங்கள் பேச்சை இந்த ஒரு மணிநேரத்திலிருந்து தொடங்குங்கள். கொடுப்பதற்கு எளிதான ஒன்றை முதலில் கேட்டால் அடுத்ததைக் கேட்க வாய் வரும்.

இனி நடைமுறை. ஒலி முழங்கிக்கொண்டிருக்கும்போது போய்ச் சண்டையிடுவதில் பயனில்லை. அந்நேரத்தில் அங்கே இருப்பவர்கள் வாடகைக்கு வந்த ஒலிபெருக்கிக்காரரும் நான்கு இளைஞர்களும்தான். அவர்களிடம் முடிவெடுக்கும் அதிகாரமும் இராது, காதில் விழவும் விழாது. கொடியேற்றுக்கு இரண்டு வாரம் முன்னதாக, நன்கொடை கேட்டு வீட்டுக்கு வருவார்கள் அல்லவா, அதுவே சரியான நேரம். பணத்தைக் கொடுத்துவிட்டு, மகளின் தேர்வு அட்டவணையையும் மாமியாரின் நிலையையும் சொல்லி, கம்பத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியை உங்கள் தெருப்பக்கம் திருப்ப வேண்டாம் என்றும், பந்தலுக்குள் பெட்டி ஒலிபெருக்கி மட்டும் போதாதா என்றும் கேளுங்கள். அந்த வழிபாட்டைச் சேர்ந்தவர் நீங்கள் என்றால் நீங்களே பேசுங்கள். வேறு சமயத்தவர் என்றால் அந்தப் பக்கத்து நண்பர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு போங்கள். நம் மாவட்டத்தில் இதை ஒரு மத வழக்காக மாற்றிவிட யாராவது ஒருவர் எப்போதும் காத்திருப்பார். அவருக்கு இடம் கொடுக்காதீர்கள். கமிட்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் அதே தேர்வைத்தான் எழுதுகிறார்கள் என்பதால், உங்களுக்கு முன்பே யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று எதிர்பார்த்தவர்கள் கமிட்டிக்குள்ளேயே இருக்கக்கூடும்.

அதற்குப் பிறகும் 5 மணிக்கு முழங்கினால், காவல் துறைத் துணைக் கண்காணிப்பாளருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ எழுத்தில் கொடுங்கள். இந்த விதிகளைச் செயல்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. தனிப்பெயராக இல்லாமல் தெருவில் நான்கு வீட்டார் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுப்பது நல்லது.

கேள்வி: துபாயிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வருகிறேன். வாசலில் கால் வைத்ததும் ஊரில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: “எப்பம் வந்த மக்கா? இனி எப்பம் போவ?” வந்தவனை உடனே விரட்டுவது போல இருக்கிறது.
— ஒரு வாசகர், குளச்சல்

பதில்: வளைகுடாவுக்குப் போனவர் இல்லாத தெரு நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அரிது என்பதால், இந்தக் கேள்வியால் புண்பட்டவர்கள் ஒரு கூட்டமே இருப்பார்கள். ஆனால் கேட்பவருடைய மனத்துக்குள் பெரும்பாலும் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அவருடைய மகனும் அங்கேதான் எங்கோ இருக்கிறான். வீட்டில் அவனுக்காகக் கருப்பட்டியும் கருவாடும் நேந்திரங்காய் வற்றலும் கட்டி வைத்திருக்கிறார்கள். உங்களுடைய 30 கிலோவில் ஒரு மூன்று கிலோ கிடைக்குமா என்பதுதான் அந்த ‘எப்பம் போவ’வுக்கு உள்ளே இருப்பது. உங்கள் அம்மாவும் இதே கேள்வியை இன்னொரு வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுத்தான் உங்களுக்குப் பொதி அனுப்பியிருப்பார்.

இதைவிட மோசமானது சம்பளம் கேட்பது. “அங்க என்ன கெடைக்கும்?” என்று கேட்டுவிட்டு, நீங்கள் சொல்லும் திர்ஹாமை ரூபாய்க்கு மாற்றி, அதை உங்கள் வீட்டுச் சுவரின் பூச்சோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்குத் தொகை சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. “செலவுக்குச் சரியா இருக்கு சித்தப்பா” என்று சொல்லிவிட்டு, அவருடைய மூட்டுவலி எப்படியிருக்கிறது என்று கேளுங்கள். அடுத்த அரைமணிநேரம் அவர்தான் பேசுவார்.

கேள்வி: எனக்குத் திருமணமாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன, குழந்தை இல்லை. எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் “வேற விசேஷம் ஒண்ணும் இல்லியா?” என்று கேட்கிறார்கள். அண்மையில் ஒரு பால்காய்ப்பு வீட்டில், எல்லாருக்கும் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, என் கையில் டம்ளரைக் கொடுக்கும்போது வயிற்றைப் பார்த்துவிட்டு அருகில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். இப்போது வெளியே போவதையே குறைத்துவிட்டேன்.
— ஒரு வாசகி, தக்கலை

பதில்: மேலே கேட்டிருக்கும் வாசகருக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்காக நான் வாதாடப் போவதில்லை. ‘அக்கறையில் கேட்கிறார்கள்’ என்று யாராவது உங்களிடம் சொன்னால், அக்கறை உள்ளவர் கூட்டத்தின் நடுவில் கேட்க மாட்டார் என்று பதில் சொல்லுங்கள். அந்த அம்மாவுக்கு உங்கள் மருத்துவச் செலவு தெரியாது. எத்தனை முறை மருத்துவமனைக்குப் போய் வந்தீர்கள் என்பதும் தெரியாது. ஒருவேளை இப்போதைக்கு வேண்டாம் என்று நீங்கள் இருவரும் முடிவு செய்திருந்தால் அதுவும் தெரியாது. தெரியாமல் கேட்பது குற்றமில்லை என்று விட்டுவிடலாம். கேட்டபின் அருகில் இருப்பவரிடம் கிசுகிசுப்பதை அப்படி விட முடியாது.

இதில் பேச வேண்டிய முதல் ஆள் உங்கள் கணவர். கேள்வி எப்போதும் மனைவியிடமே கேட்கப்படுகிறது. அந்த நேரத்தில் கணவர்கள் பந்தலுக்கு வெளியே செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவருடைய உறவினர்களிடம் அவர் ஒருமுறை தெளிவாக, “பெரியம்மா, அதப்பத்தி அவகிட்ட கேக்காதீங்க, கேக்கணும்னா என்கிட்ட கேளுங்க” என்று சொல்லிவிட்டால், அந்தச் செய்தி இரண்டு கல்யாண வீடுகளுக்குள் ஊர் முழுவதும் போய்ச் சேர்ந்துவிடும். நம் ஊரில் செய்தி பரவும் வேகத்தை இதற்காகவாவது பயன்படுத்திக்கொள்ளலாம். மாமியார் உங்கள் பக்கம் இருக்கிறார் என்றால் இன்னும் நல்லது. மைனிமாரில் யாராவது ஒருவர் துணைக்கு இருந்தாலும் போதும்.

உங்கள் அளவில், ஒரே ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொண்டு, யார் கேட்டாலும் சொல் மாறாமல் அதையே சொல்லுங்கள்: “இருந்தா நாங்களே சொல்லுவோம்.” விளக்கம் வேண்டாம், சிரிப்பும் வேண்டாம். விளக்கம் கொடுத்த இடத்தில்தான் அடுத்து மருத்துவர் பெயரும் நேர்ச்சையும் நாட்டு மருந்தும் வந்து இறங்குகின்றன. வெளியே போவதை மட்டும் குறைக்காதீர்கள். பிடித்த வீடுகளுக்குப் போங்கள். பிடிக்காத வீட்டுக்கு மொய்யை யாரிடமாவது கொடுத்தனுப்பிவிடலாம்.

கேள்வி: வடசேரி பேருந்து நிலையத்தில் வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு, கைக்குட்டை, குடை ஆகியவற்றைப் போட்டு இடம் பிடிக்கிறார்கள். வாசல் வழியாக ஏறியவர்கள் நிற்கிறோம். துண்டை எடுத்துவிட்டு உட்காரலாமா?
— ஒரு வாசகர், பூதப்பாண்டி

பதில்: உட்காரலாம். முன்பதிவில்லாத பேருந்தில் இருக்கை ஏறி அமர்பவருக்கே உரியது; கைக்குட்டைக்கு யாரும் பயணச்சீட்டு வாங்குவதில்லை. ஆனால் துண்டுக்குரியவர் கையில் குழந்தையோடு ஒரு பெண்ணோ, படியேற முடியாத முதியவரோ பின்னால் வருகிறாரா என்று ஒரு நொடி பார்த்துவிட்டு உட்காருங்கள்.

கேள்வி: ‘நேரில் பேசுங்கள்’ என்றே எப்போதும் எழுதுகிறீர்கள். நான் பேசினேன். எதிர்வீட்டுக்காரர் எங்கள் வாசலை மறித்தே காரை நிறுத்துவார். மூன்று ஆண்டுகள் பொறுத்திருந்து, மாமனாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வண்டி எடுக்க முடியாத அன்று, அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டேன். அவருடைய மருமகன் வீட்டார் உள்ளே இருந்தார்களாம். அன்றிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சில்லை, காரும் நகரவில்லை.
— ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது. மூன்று ஆண்டுக் கடனை ஒரே நாளில், வட்டியோடு, சம்பந்தி வீட்டார் முன்னிலையில் வசூலிக்கப் போயிருக்கிறீர்கள். அந்த நாளில் அவர் தவறை ஒப்புக்கொண்டிருந்தால் மருமகன் முன் தலைகுனிந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் காரை அங்கேயே விட்டு வைத்தார்.

நான் நேரில் பேசச் சொல்வது, முதல் வாரத்தில் பேசச் சொல்வது. காரை முதன்முறை குறுக்கே நிறுத்திய அன்றே, “அண்ணே, காலைல எட்டு மணிக்கு நான் வண்டி எடுக்கணும், கொஞ்சம் முன்னால தள்ளிப் போட்டுக்கிட முடியுமா?” என்று கேட்டிருந்தால் அது ஒரு வேண்டுகோளாக இருந்திருக்கும். அப்போது உங்கள் குரலில் கோபம் இருந்திருக்காது. நாம் செய்வது வேறு: எதிர்வீட்டுக்காரரைத் தவிர, அவரைப் பற்றித் தெருவில் எல்லாரிடமும் சொல்லித் தீர்க்கிறோம். அவருக்கும் அது யார் வழியாகவாவது, கூடுதல் சேர்மானங்களோடு போய்ச் சேர்கிறது. எனக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில், தொல்லை கொடுப்பவரிடம் ஒருமுறையேனும் சொல்லிப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. அந்த வகையில் நீங்கள் மற்றவர்களைவிட ஒரு படி மேல்.

இப்போது இரண்டு வீட்டுக்கும் வேண்டியவர் ஒருவரை அனுப்புங்கள். அன்று நீங்கள் சொன்ன சொற்களுக்காக அல்லாமல், சொன்ன இடத்துக்காக வருந்துவதாக அவர் சொல்லட்டும். அப்படியும் நகரவில்லை என்றால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது: ஒரு வளாகத்தின் நுழைவாயிலை மறித்து வண்டி நிறுத்துவதை மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள் தடை செய்கின்றன. ஒளிப்படம் எடுத்துப் போக்குவரத்துக் காவல் துறைக்குக் கொடுக்கலாம். பேச்சே இல்லாத வீட்டின் மீது புகார் கொடுப்பதில் இழப்பதற்கு என்ன இருக்கிறது?

கேள்வி: பக்கத்து விளையில் நிற்கும் தென்னை எங்கள் ஓட்டுக் கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கிறது. காய்ந்த மட்டையும் நெற்றும் விழுந்து ஓடு உடைகிறது. சொன்னால், “மரம் ஏற ஆள் கிடைக்கல்ல” என்கிறார். அவர் வெட்டாமலிருக்க, விழும் தேங்காயை நாங்கள் எடுத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி, ஈத்தாமொழி

பதில்: தேங்காயை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டின் விலைக்கு நான்கு தேங்காய் ஈடாகாது என்பது ஒருபுறம். எடுத்துவிட்டால் ‘என் காயைத் தின்றுவிட்டு என்னிடமே நியாயம் பேசுகிறாள்’ என்று சொல்ல அவருக்கு வாய்ப்பாகிவிடும். விழுந்த ஒவ்வொரு நெற்றையும் அவருடைய வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, உடைந்த ஓட்டின் துண்டையும் பக்கத்தில் வையுங்கள்.

ஆள் கிடைக்கவில்லை என்று அவர் சொல்வது பொய்யன்று. நெட்டைத் தென்னைக்கே பெயர்பெற்ற உங்கள் ஊரிலும் மரம் ஏறுபவர்கள் குறைந்துவிட்டார்கள். ஏறத்தாழ 45 நாளுக்கு ஒருமுறை நடக்க வேண்டிய தேங்காய் வெட்டு மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது. இந்தத் தட்டுப்பாட்டுக்காகவே தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் இளைஞர்களுக்குக் கருவி கொண்டு மரமேறப் பயிற்சி கொடுத்து வந்தது. ஆகவே உங்கள் வீட்டுக்கு மரமேற ஆள் வரும் அன்று அவருக்கு முன்னரே சொல்லிவிட்டு, அந்த ஒரு மரத்தையும் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள். கூலியை அவர் கொடுக்கட்டும். அத்துடன் குலைக்குக் கீழே வலை கட்டுவதும், சாய்ந்த மரத்தைக் கம்பிக் கயிற்றால் எதிர்ப்பக்கத்து மரத்தோடு இழுத்துக் கட்டுவதும் நம் ஊரில் எல்லாரும் அறிந்த ஏற்பாடுகள்தாம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. ஜூன் மாதக் காற்று தொடங்குவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

மரம் வேரோடு விழும் நிலையில் இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அக்கம்பக்கத்தில் வாழ்பவர்களுக்குக் காயம் உண்டாக்கும் நிலையில் உள்ள மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி வருவாய்க் கோட்டாட்சியருக்கு உண்டு. உங்களுக்கு நாகர்கோவில் கோட்டம். கல்குளம், விளவங்கோடு பகுதியினருக்குப் பத்மநாபபுரம் கோட்டம்.

கேள்வி: கன்னியாகுமரி விரைவு ரயிலில் சென்னைக்குப் போகும்போது, கீழ்ப் படுக்கை என்னுடையது. நடுப் படுக்கைக்காரர் இரவு 8 மணிக்கே படுக்கையை விரித்துவிடுகிறார். நான் கழுத்தை மடித்து உட்கார வேண்டியிருக்கிறது. மேல் படுக்கைக்காரரோ நள்ளிரவு வரை செல்போனில் சத்தமாகப் படம் பார்க்கிறார்.
— ஒரு வாசகர், இரணியல்

பதில்: படுக்கைக்குரிய நேரம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. முன்பு 9 மணியாக இருந்ததை 2017இல் ரயில்வே மாற்றியது. நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், கருவுற்ற பெண்கள் கூடுதல் நேரம் உறங்க மற்றவர்கள் ஒத்துழைக்க வேண்டும் என்பதும் அந்த அறிவுறுத்தலிலேயே இருக்கிறது. ஆகவே நடுப் படுக்கைக்காரர் உடல்நலம் இல்லாதவரா என்று முதலில் கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் பத்து மணியைச் சொல்லலாம். நீங்களும் இரவுச் சாப்பாட்டுப் பொட்டலத்தை 10 மணிக்குப் பிறகு பிரிக்கக் கூடாது. வள்ளியூர் தாண்டும்போதே புளிச்சோற்றை முடித்துவிடுபவர்களால் யாருக்கும் தொல்லையில்லை.

சத்தமாகப் படம் பார்ப்பவரைப் பொறுத்தவரை, இரவு 10 மணிக்குப் பிறகு செவிபேசி இல்லாமல் பாட்டு கேட்பதையும் உரக்கப் பேசுவதையும் தடுக்கும்படி ரயில் ஊழியர்களுக்கு 2022இல் அறிவுறுத்தல் வந்திருக்கிறது. பரிசோதகரிடம் சொல்லலாம், 139க்கும் அழைக்கலாம். அதற்கு முன், “தம்பி, ஹெட்போன் இருக்கா?” என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. பெரும்பாலும் பைக்குள் இருக்கும், எடுக்கச் சோம்பல்தான்.

கேள்வி: எப்போதும் வாங்குபவர்களின் குறையையே வெளியிடுகிறீர்கள். நான் பழம் விற்கிறேன். வருகிறவர்கள் சீப்பு சீப்பாக அழுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றைப் பிய்த்துத் தின்றுவிட்டு, “நாளைக்கு வாறேன்” என்று போகிறார்கள்.
— பழ வியாபாரி ஒருவர், நாகர்கோவில்

பதில்: உங்கள் குறை நியாயமானது. மட்டிப் பழம் 2023இல் புவிசார் குறியீடு பெற்றதாகப் பெருமை பேசுகிற நாமே, அதைக் கட்டைவிரலால் அழுத்தித்தான் பார்க்கிறோம். தோல் மெல்லிய பழம். காலையில் ஐந்து பேர் அழுத்தினால் மாலையில் அந்த இடம் கறுத்துவிடும், பிறகு ஆறாவது ஆள் வந்து “பழம் அழுகல்” என்று விலை குறைக்கச் சொல்வார். சுவை பார்ப்பதற்கென்று ஒரு சீப்பை முன்னால் தனியே வைத்து, நீங்களே ஒன்றை எடுத்து நீட்டிவிடுங்கள். கையில் கொடுத்ததைத் தின்றவர் வாங்காமல் போகக் கொஞ்சம் கூசுவார். சீப்பிலிருந்து தாமே பிய்த்தவருக்கு அந்தக் கூச்சம் வருவதில்லை.

கேள்வி: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் அத்தான் நாள்தோறும் விடியற்காலையில் பூப்படத்தோடு காலை வணக்கமும், அதைத் தொடர்ந்து நான்கு நிமிடக் குரல்பதிவும் அனுப்புகிறார். விலகினால் மனம் வருந்துவார்.
— ஒரு வாசகி, குழித்துறை

பதில்: விலக வேண்டாம், குழுவின் ஒலியை நிறுத்தி வைத்துவிடுங்கள். குரல்பதிவை இரட்டை வேகத்தில் கேட்கும் வசதியும் இருக்கிறது. ஓய்வு பெற்றவர்களின் வணக்கத்தில் ‘நான் நலமாக எழுந்துவிட்டேன்’ என்ற செய்தியும் இருப்பதால், அது ஒருநாள் வரவில்லை என்றால் நீங்களே முதலில் தொலைபேசியில் அழைப்பீர்கள்.

கேள்வி: நான் ரப்பர் வெட்டுத் தொழிலாளி. விடியற்காலை 4 மணிக்கு பைக்கை எடுத்தால்தான் தோட்டத்துக்குப் போய்ச் சேர முடியும். என் வண்டிச் சத்தத்தில் தூக்கம் கெடுவதாகப் பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிழைப்புக்குப் போவது தொல்லையா?
— ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: பிழைப்பு தொல்லையன்று. வெயில் ஏறினால் பாலின் ஓட்டம் குறைந்து சிரட்டை நிறையாது என்பதால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே வெட்டத் தொடங்க வேண்டிய தொழில் உங்களுடையது. நேரத்தை மாற்றிக்கொள்ளும்படி உங்களிடம் யாரும் கேட்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரரும் ரப்பர் விளையும் ஊரில் பிறந்தவர் என்றால் இது அவருக்கே தெரியும்.

ஆனால் கடிதத்தின் கடைசியில், வண்டியின் சைலன்சர் ஓட்டையாகிச் சில மாதங்கள் ஆகின்றன என்றும், கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிடம் வாசலிலேயே முறுக்கிச் சூடேற்ற வேண்டியிருக்கிறது என்றும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய கோபம் 4 மணி மீது இராது, அந்த ஐந்து நிமிடத்தின் மீதுதான் இருக்கும். சைலன்சரை இந்த வாரமே மாற்றிவிடுங்கள். அதுவரை வண்டியை முக்கு வரை தள்ளிக்கொண்டுபோய் அங்கே ஸ்டார்ட் செய்யுங்கள். ஆனால் முக்கில் இருக்கும் முதல் வீட்டுக்காரரிடம் இன்று மாலையே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.